கப்பல் கிளம்புவதற்குள் மூன்று ஊர்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பல் எப்போதாவதுதான் வரும். விடியற்காலையில் வந்து கட்டும், இருட்டுவதற்குள் அவிழ்த்துக்கொண்டு போய்விடும். நடுவில் கிடைக்கும் பத்து மணி நேரத்தில் பயணிகளை எங்காவது கூட்டிப்போய்க் காட்டி, திரும்பக் கொண்டுவந்து ஏற்றிவிட வேண்டும். எனக்கு ஊர் நாகர்கோவில். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பழக்கம் இருந்ததால், "கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமங்களையும் கைத்தொழிலையும் காட்டப் போகிறோம், கூட வந்து விளக்கிச் சொல்ல முடியுமா?" என்று ஒரு பயண நிறுவனம் கேட்டது. சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். இரண்டு முறை போனேன். முதல் முறை நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு சங்கடப்படும். இரண்டாம் முறை நான் ஆசைப்பட்ட மாதிரி நடந்தது. நம் ஊர்ப் பக்கம் யாரையாவது கைவினை ஊர்களுக்குக் கூட்டிவர நினைப்பவர்களுக்கு இது உதவும். வருவது கப்பல் பயணிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை, சிங்கப்பூரில் இருந்து லீவுக்கு வந்த சித்தப்பா குடும்பமாகவும் இருக்கலாம்.

முதல் பயணத்தின் அட்டவணை அச்சடித்து என் கைக்கு வந்தபோது அதில் ஆறு இடங்கள் இருந்தன. தோவாளை, வடசேரி, சுங்கான்கடை, பத்மநாபபுரம் அரண்மனை, ஈத்தாமொழி, கடைசியாகக் கன்னியாகுமரி. துறைமுகத்தில் இருந்து திருநெல்வேலி வழியாக நாகர்கோவில் சுமார் 130 கிலோமீட்டர். பெரிய பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகும். போக வர ஐந்து மணி நேரம் போய்விட்டால் மிச்சம் ஐந்து மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒன்றைக் கழித்தால் நான்கு. நான்கு மணி நேரத்தில் ஆறு இடம் என்றால், இறங்கி ஏறுவதற்கே நேரம் சரியாகிவிடும். அது போதாதென்று அன்றைக்குத் திங்கட்கிழமை. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது நம் தக்கலை பக்கத்தில் என்றாலும் அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை அங்கே விடுமுறை. நான் சொன்னேன். "அப்போது அந்த நேரத்தை மற்ற இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம்" என்றார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற வரிசையில் நிற்கும் நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதை நான் மன்றாடி அட்டவணையில் இருந்து எடுக்க வைத்தேன்.

சுங்கான்கடைக்குப் போனபோது பகல் பன்னிரண்டு மணி. வேளிமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர், மண்பாண்டத்துக்குப் பேர்போனது. பொங்கல் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் பானை எல்லாம் அங்கே செய்ததுதான். பஸ் தெருவுக்குள் நுழையவில்லை. முப்பத்தொரு பேர், பாதிக்கு மேல் எழுபது வயதைத் தாண்டியவர்கள், உச்சி வெயிலில் நடந்தோம். அந்த வீட்டில் ஒரு அண்ணாச்சி சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "ஒரு பத்து பேரு வருவாவன்னாங்க" என்று மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஆனாலும் செய்துகாட்டினார். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் அறைந்து, தண்ணீர் தொட்டு, இரண்டு பெருவிரலையும் உள்ளே விட்டு வாயைத் திறந்தார். பானை எழும்பியது. எல்லோரும் கைத்தட்டினார்கள். அது முடிந்த பானை இல்லை என்று விளக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. சக்கரத்தில் வருவது கழுத்தும் தோளும்தான். அடிப்பாகம் திறந்தபடி இருக்கும். அதை நிழலில் கொஞ்சம் உலரவிட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் வயிறும் அடியும் கூடும். பானை உருண்டையாவது அந்தத் தட்டலில்தான். அதைப் பார்க்காமல் போனால் பானை செய்வதைப் பார்த்ததாக ஆகாது. நான் இதைச் சொல்ல வாயெடுக்கும்போது, வரிசையாகக் காயவைத்திருந்த பச்சைப் பானை ஒன்றை ஒருவர் ஆசையாகத் தூக்கினார். அவர் பெருவிரல் பானையின் தோளுக்குள் இறங்கிவிட்டது. பதறிப்போய் அப்படியே கீழே வைத்தார். அவர்மேல் தப்பு இல்லை, பச்சைப் பானையைத் தொடக்கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் அந்தப் பானையை எடுத்து நாலாக மடித்து, மண் குவியல்மேல் போட்டார். "மண்ணுதானே, திரும்ப மிதிச்சுக்கலாம்" என்றார்.

பன்னிரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம். போகும்போது அவருக்கு யாராவது பணம் கொடுத்தார்களா என்று கேட்டேன். "அது அப்புறம் கணக்குப் பண்ணிக்கொடுப்போம்" என்று பதில் வந்தது. அங்கே மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் நகரத்தில் ஒரு பெரிய கடையில் செலவழித்தார்கள். முக்கால் மணி நேரம். வடநாட்டில் இருந்து வந்த சால்வையும் சந்தனமர யானையும் விற்கிற கடை. ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்று உங்களுக்கே தெரியும். வாங்குகிறவர் ஒவ்வொருவர் தலைக்கும் ஒரு பங்கு உண்டு. கைவினை ஊர் பார்க்க வந்தவர்களிடம் இருந்த பணம் கைவினைக்காரர் ஒருவரிடமும் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

அந்தக் கடையிலேயே இன்னொரு கோளாறும் நடந்தது. கப்பல் மாலத்தீவில் இருந்து வந்திருந்தது. மாலத்தீவு நேரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்னால். இரண்டு பேர் தங்கள் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. "3 மணிக்கு வண்டி" என்று நான் சொன்னபோது அவர்கள் கடிகாரத்தில் அது இரண்டரை. அவர்கள் மூன்று ஆகும்வரை நிதானமாகக் கடை பார்த்தார்கள், எங்களுக்கு மூன்றரை ஆகிவிட்டது. அவர்களைத் தேடிப் பிடித்துக் கிளம்ப 3.50. எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம் 6.30. துறைமுக வாசலில் நாங்கள் போய் நின்றது 6.22க்கு. வாசலில் பாதுகாப்புப் படையினர் ஒவ்வொருவர் அட்டையையும் பார்த்துத்தான் விட்டார்கள். கப்பல் நிர்வாகமே விற்ற சுற்றுலா என்பதால் காத்திருந்தார்கள். தனியாக ஏற்பாடு செய்துகொண்டு போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் நான் சுங்கான்கடைக்குப் போனேன். எனக்குக் கிடைத்த சம்பளத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி வாங்க மறுத்தார். "நீங்க ஏன் சங்கடப்படுதீய" என்றார். அவர் வீட்டு அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். குளத்து மண் எடுக்க அனுமதி வாங்க அலைவது, மழை பெய்தால் சூளை வைக்க முடியாமல் போவது என்று நிறையச் சொன்னார். அப்போது அவர் சொன்ன ஒன்றைத்தான் நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். "எட்டு, பத்து பேரா வந்தா, ஒரு மணி நேரம் இருந்தா, நான் அடி தட்டுறதக் காட்டியிருப்பேன்." பணத்தைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. வேலையை முழுசாகக் காட்ட முடியாமல் போனதுதான் வருத்தம்.

ஒரு வருஷம் கழித்து அதே நிறுவனம் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை நான் சில நிபந்தனைகள் வைத்தேன். ஆள் பதினாறுக்கு மேல் கூடாது. சின்ன வேன்தான், பெரிய பஸ் வேண்டாம். மூன்றே இடம். கடை நிறுத்தம் கிடையாது. நாம் போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆளின் ஒருநாள் கூலியைவிடக் குறையாமல் முன்பணம், போவதற்கு முன்பே. கொஞ்சம் இழுபறிக்கு அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். நான் நினைத்த அளவுக்கு அது கஷ்டமாகவும் இல்லை. முன்பு பணம் தராமல் விட்டதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், அங்கே யாரும் அதை யோசிக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

இடங்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். திருநெல்வேலியில் இருந்து வந்தால் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் மாவட்டத்துக்குள் நுழைகிறோம். அடுத்து வருவது தோவாளை. அங்கிருந்து கொஞ்சம் தெற்கே மயிலாடி. அப்புறம் நாகர்கோவிலுக்குள் வடசேரி. வந்த வழியிலேயே திரும்ப வேண்டாத மாதிரி ஒரு சுற்று. சுங்கான்கடையை விட மனசே இல்லை. ஆனால் அது நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், போய் வரவே முக்கால் மணி நேரம் கூடுதலாகும். அண்ணாச்சியிடம் நேரில் போய்ச் சொன்னேன். நாகர்கோவிலில் தங்குகிற ஆட்கள் வந்தால் அவரிடம் அனுப்புவதாக ஒப்பந்தம். அனுப்பிக்கொண்டும் இருக்கிறேன்.

கப்பல் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் மூன்று ஊருக்கும் நானே போய்ப் பேசினேன். போனில் பேசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நேரில் போனால்தான் திண்ணையில் எத்தனை பேர் உட்கார முடியும், வண்டி எதுவரை போகும், பக்கத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்று தெரியும். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றும். எழுபது வயதுக்காரர்களைக் கூட்டிப்போகும்போது அதுதான் பெரிய விஷயம். தோவாளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சொல்லி வைத்துச் சாவி வாங்கினேன். மயிலாடியில் ஒரு தெரிந்த வீடு. இதற்கும் பணம் கொடுத்தோம்.

மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். வண்டி எண், டிரைவர் விவரம் எல்லாம் முன்கூட்டியே கொடுத்து உள்ளே வர அனுமதி வாங்கியிருந்தோம். வண்டி நகர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், எல்லோர் கடிகாரத்தையும் என் கடிகாரத்தோடு சரிபார்த்ததுதான். பதினாலு பேர். பதினாலு கையையும் பார்த்தேன்.

போகும் இரண்டேகால் மணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். ஊருக்குப் போனபின் விளக்கம் சொன்னால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், வேலை செய்கிறவரின் கையைப் பார்க்க மாட்டார்கள். அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் வண்டியிலேயே சொல்லி முடித்தேன். இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது, அதனால்தான் எங்கள் பேச்சிலும் சாப்பாட்டிலும் பூ வியாபாரத்திலும் மலையாள வாடை இருக்கிறது என்றேன். தொடுவதற்கு முன் என்னைப் பாருங்கள், படம் எடுப்பதற்கு முன் அவர்களைப் பாருங்கள் என்றும் சொன்னேன். சுங்கான்கடைப் பானையின் கதையை அப்படியே சொன்னேன். அதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அன்றைக்கு முழுவதும் ஒருவரும் எதையும் கேட்காமல் தொடவில்லை.

தோவாளையில் பூச்சந்தை என்றால் விடியற்காலைதான். பத்தரை மணிக்குப் போனால் சாக்கும் வாடிய இலையும்தான் இருக்கும். கப்பலில் வருகிறவர்களுக்குச் சந்தையைக் காட்ட முடியாது என்பதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் தோவாளையில் சந்தையைவிடப் பெரிய அதிசயம் வீட்டுக்குள் இருக்கிறது. மாணிக்கமாலை. பெயரைக் கேட்டவர்கள் அதிகம், கட்டுவதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே குறைவு. நானும் முதல் தடவையாக முன்னேற்பாட்டுக்குப் போனபோதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்த வீட்டு ஆச்சிக்கு வயது எழுபதுக்கு மேல். முன்னால் மூன்று குவியல். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை. நாரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு அரளிப் பூவை எடுக்கிறார். இதழ் கசங்காமல், முனை உள்ளே போகிற மாதிரி ஒரு மடிப்பு. நகம் படுகிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு அழுத்தம். பூ சின்னக் கட்டமாகிவிடுகிறது. அதை நாரில் கோர்த்துப் பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டி வைக்கிறார். அடுத்தது நொச்சி இலை, அதே மடிப்பு. அடுத்தது சிவப்பு. வழக்கமான மாலை உருண்டையாக இருக்கும், இது பாய் மாதிரித் தட்டையாக விரிகிறது. ஒரு சாண் நீளம் வந்ததும் ஆச்சி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பின் மேடு ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பட்டுத் தெறித்தது. கல் பதித்த பதக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு இந்த மாலை போய்வந்த பெருமையை அந்தத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நாற்பது நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஆச்சி கையில் இருந்த ஒரு பூவைப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டியிடம் நீட்டினார். அந்தப் பாட்டி மடித்தார், கிழிந்தது. இன்னொன்று, கிழிந்தது. ஆச்சி அவர் விரலைப் பிடித்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினார். நாலாவது பூ மடிந்தது. அதை ஆச்சி மாலையிலேயே கோர்த்துவிட்டார். பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது, கொஞ்சம் கோணல். "இருக்கட்டும், சாமிக்குத் தெரியும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன், அந்தப் பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் மொழி இல்லாமலே அப்புறம் பத்து நிமிஷம் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் ஒரு பாடம்தான்.

மயிலாடிக்குப் பன்னிரண்டு மணிக்குப் போனோம். 1809இல் ரிங்கல்டாபே என்ற ஜெர்மானிய மிஷனரி தென் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் சபையை நிறுவிய ஊர் இது. அதைத் தெரிந்து வந்திருந்த ஒருவர் தேவாலயத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நேரம் இல்லை, வண்டியில் இருந்தபடி காட்டினேன். ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும். இப்போது அதோடு கிரைண்டர் இரைச்சலும் சேர்ந்துவிட்டது. கல்லை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் முகக்கவசம் வாங்கிப்போயிருந்தேன். பட்டறை ஆட்களுக்கும் சேர்த்தே வாங்கினேன். அவர்கள் முகத்தில் துண்டுதான் கட்டியிருந்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களைக் காற்று வரும் பக்கமாக நிறுத்துங்கள். மயிலாடிக்கு யாரைக் கூட்டிப்போனாலும் இதைச் செய்யுங்கள்.

கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிற்பி ஒரு கல்லைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். 'ணங்' என்று மணி மாதிரி. அடுத்ததைத் தட்டினார், தாளம் மாதிரி ஒரு ஓசை. மூன்றாவதில் சத்தமே எழவில்லை, மண்ணில் தட்டின மாதிரி. முதலாவது ஆண் கல், இரண்டாவது பெண் கல், மூன்றாவது இரண்டிலும் சேராதது என்றார். சாமி சிலைக்கு ஆண் கல், அம்மன் சிலைக்குப் பெண் கல், மூன்றாவதைச் சிலைக்கு எடுப்பதில்லை. உள்ளே விரிசல் ஓடியிருந்தாலும் சத்தம் செத்துப்போகும், பாதி வேலையில் மூக்கு உடையும் என்றார். எல்லோரையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். பதினாலு பேரும் கல்லைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்ட காட்சியை என்னால் மறக்க முடியாது. பாதி சிற்பி, பாதி டாக்டர் மாதிரி நின்றார்கள்.

இங்கேதான் வாங்குவது பற்றிச் சொல்ல வேண்டும். கல் சிற்பம் வாங்க எல்லோருக்கும் ஆசை வரும். எடையை யோசியுங்கள். கப்பல் பயணம் முடிந்ததும் அவர்கள் விமானத்தில்தான் வீடு திரும்புவார்கள். நான் முதலிலேயே பட்டறையில் சொல்லி, உள்ளங்கை அளவில் பிள்ளையார், அகல் விளக்கு, மிளகு இடிக்கிற சின்ன இடிகல் என்று எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன். இடிகல்தான் அதிகம் போனது, தினமும் புழங்கலாம் என்பதால். அடுத்தது பில். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். கறுத்த கல்லில் சாமி சிலையைப் பார்த்தால் சுங்கத்தில் சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் பட்டறைப் பெயர், தேதி, 'புதிதாகச் செய்தது' என்ற வரி மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். பெரிய சிலை என்றால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கி, அனுப்பிவைக்கச் சொல்வதுதான் நல்லது. பணமும் ரூபாயாக வேண்டும். வீடுகளில் கார்டு மிஷின் கிடையாது, டாலரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? காலையிலேயே நூறு, இருநூறு ரூபாய்த் தாளாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். பேரம் பேசாதீர்கள் என்றும் சொன்னேன். விலையை நான் முன்கூட்டியே கேட்டு, நியாயம் என்று தெரிந்துகொண்டுதான் கூட்டி வந்திருந்தேன்.

நாகர்கோவிலில் வாழையிலைச் சாப்பாடு. அவியல், புளிசேரி, கடைசியில் பால் பாயசமும் போளியும். மட்டிப்பழத்தை ஒருவர் ஆறு சாப்பிட்டார். சொல்லி வைத்திருந்ததால் ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. பெரிய ஓட்டலில் மெனு பார்த்து ஆர்டர் கொடுத்தால் இது நடக்காது.

வடசேரியில் இருக்க எங்களுக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது. பரதநாட்டியம் ஆடுகிற பெண்கள் தலையில் வைக்கிற சூரியப்பிறை, சந்திரப்பிறை, நெத்திச்சுட்டி, ராக்கொடி எல்லாம் இந்தத் தெருக்களில் செய்கிறார்கள். கோயில் நகை என்று பெயர், சாமிக்குச் சாத்தச் செய்ததில் இருந்து வந்தது. வெள்ளித் தகட்டில் வடிவம் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, அதில் சிவப்பு, பச்சைக் கல்லை அமர்த்தி, கல்லைச் சுற்றி மெல்லிய தங்க ரேக்கைத் தள்ளித் தள்ளி ஒட்டுகிறார்கள். அந்தத் தங்கம் ஒரு மூச்சில் பறந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். ராக்கொடி நடுவில் இருக்கும் அன்னத்துக்கு ஒரு கல் வைக்க நாங்கள் இருந்த நேரத்தில் பாதி ஆயிற்று. வாங்குகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இது வெள்ளியில் செய்ததா, செம்பில் முலாம் பூசியதா? இரண்டும் விற்கிறார்கள், இரண்டுக்கும் ஆள் இருக்கிறது, பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், விலை மட்டும் பல மடங்கு வித்தியாசம். அங்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். கையில் தூக்கினதும் எடையிலேயே தெரிந்தது. ஆனாலும் ஒளிவுமறைவு இல்லாமல் கேளுங்கள். வடசேரிக்கு மட்டும் இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம், அதில் நான் கணக்குத் தப்பிவிட்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். திரும்பும் வழியில்தான் ஒவ்வொருவரும் வாங்கியதை எடுத்துக் காட்டினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கப்பலுக்குள் ஏறும்போது பையை எல்லாம் ஸ்கேன் பண்ணுவார்கள். கத்தி, அரிவாள், அரிவாள்மணை போகாது. உணவுப்பொருளையும் செடி, பூ, விதையையும் பெரும்பாலும் விடமாட்டார்கள். கடற்கரைக் கடையில் பவளப்பாறைத் துண்டும் தடை செய்த சங்கும் சிப்பியும் வாங்கினால், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான். ஒருவர் மார்த்தாண்டம் தேன் கேட்டார். ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் இந்தப் பருவத்தில், இலைக்காம்பின் முனையில் சுரக்கிற இனிப்பைத் தேனீ எடுத்துவந்து சேர்க்கும், பூவில் இருந்து கூட இல்லை என்று நான்தான் ஆசை காட்டிவிட்டேன். வாங்கித் தரவில்லை. ஏறும்போது பிடுங்கிக்கொண்டால் இருவருக்கும் வருத்தம்.

பனையையும் கயிற்றையும் நான் இந்த ஒருநாள் பயணத்தில் சேர்க்கவே இல்லை. அக்கானி என்கிற பதநீர் இறக்குவதையும் கருப்பட்டி காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவதையும் பார்க்க வேண்டுமென்றால் இருட்டோடு எழுந்து போக வேண்டும். ஈத்தாமொழிப் பக்கம் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறப்போட்டுத் தும்பு எடுத்து ராட்டில் கயிறு திரிப்பதற்கும் ஒரு காலை முழுக்க வேண்டும். கப்பல்காரர்களுக்கு அது வாய்க்காது. நாகர்கோவிலில் இரண்டு ராத்திரி தங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான்.

5.25க்குத் துறைமுக வாசல். ஒரு மணி நேரம் கையில். இறங்கும்போது அந்தப் பாட்டி மாணிக்கமாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். ஆச்சி அதை அவருக்கே கொடுத்திருந்தார். பூ உள்ளே போகாது என்று நான் காலையிலேயே சொல்லியிருந்தேன். என்ன செய்வது என்று கேட்டார். டிரைவர் தம்பி கையை நீட்டினான். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த பிள்ளையாருக்கு மேலே, கோணலாக மடித்த அந்தப் பூ வெளியே தெரிகிற மாதிரி அதை மாட்டினான். பாட்டி தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு படியேறினார்.

அடுத்த வாரம் தோவாளைக்குப் போய் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த கப்பல் எப்பம்?" என்றார். தெரியவில்லை, தெரிந்ததும் வந்து சொல்கிறேன் என்றேன்.

"மூணு நாளு முந்தியே சொல்லணும் மக்களே. வெள்ளரளி சொல்லி வச்சாத்தான் கிடைக்கும். அவியளுக்குக் கிழிக்கதுக்கும் சேத்து வாங்கணும்லா."